மரைன் டேங்க் வாட்டர் சேஞ்ச்: எவ்ளோ, எப்போ, எப்படி

கொளத்தூர்ல ரெண்டு க்ளவுன் மீனும் ஒரு டேம்சலும் வாங்கிட்டு வந்து விட்டாச்சு, தண்ணியும் தெளிவாத்தான் இருக்கு, அப்புறம் எதுக்குங்க தண்ணி மாத்தணும்னு கேக்கறவங்களுக்காக எழுதறேன். தண்ணி தெளிவா இருக்கறத வச்சு மரைன் டேங்க்ல, அதாவது கடல் மீன் வளக்கற உப்புத் தண்ணி தொட்டியில, ஒண்ணும் சொல்ல முடியாது. நைட்ரேட் 5 இருந்தாலும் தெளிவாத்தான் இருக்கும், 80 இருந்தாலும் தெளிவாத்தான் இருக்கும், கிட் வச்சு டெஸ்ட் பண்ணாத வரைக்கும் கண்ணுக்குத் தெரியாது.

உள்ள நடக்கறது இதுதான். நீங்க போடற சாப்பாடு, மீனோட கழிவு, பாறை இடுக்குல மாட்டிக்கிட்ட மிச்சம் மீதி எல்லாம் அழுகி அம்மோனியா ஆகுது, அத ஒரு கூட்டம் பாக்டீரியா நைட்ரைட்டா மாத்துது, இன்னொரு கூட்டம் அத நைட்ரேட்டா மாத்துது. சைக்கிள் முடிஞ்ச டேங்க்ல, அதாவது இந்தப் பாக்டீரியாங்க நல்லா பெருகி நிலைச்ச டேங்க்ல, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சைபர் காட்டும், அதோட வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சுக்கறோம். ஆனா அந்த நைட்ரேட் எங்க போகும்? நல்ல தண்ணி டேங்க்ல செடி வச்சிருந்தா அது கொஞ்சம் சாப்பிடும். மரைன்ல பாறைக்கு உள்ள ஆக்சிஜன் போகாத எடத்துல இருக்கற பாக்டீரியா கொஞ்சம் கழிக்கும், ஸ்கிம்மர் (கழிவ நுரையில ஒட்ட வச்சு எடுக்கற கருவி) இருந்தா கழிவு அழுகறதுக்கு முன்னாடியே கொஞ்சத்த வெளிய இழுக்கும், ஆனா புதுசா ஆரம்பிக்கறவங்க போடற சாப்பாட்டு அளவுக்கு இது ரெண்டும் பத்தாது. மிச்சத்த வெளிய எடுக்க ஈஸியான வழி, தண்ணிய எடுத்துட்டு புதுசா ஊத்தறதுதான். பாஸ்பேட்டும் இதே கதைதான், அது பாறையில போய் ஒட்டிக்கிட்டு அப்புறம் மெதுவா கசியும்ங்கறதால இன்னும் தொல்லை.

முதல்ல கணக்கு

இத புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா புரியும், அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க. உங்க டேங்க்ல வாரத்துக்கு 5 பிபிஎம் (லிட்டருக்கு 5 மில்லிகிராம்) நைட்ரேட் ஏறுதுன்னு வச்சுக்குவோம், நீங்க வாராவாரம் 10 சதவீதம் தண்ணி மாத்தறீங்க. டேங்க்ல 10 பிபிஎம் இருக்கறப்ப மாத்தினா வெளிய போறது 1 தான், அடுத்த வாரத்துக்குள்ள ஏறறது 5. அப்போ ஏறிக்கிட்டேதான் போகும், மாத்தினாலும் ஏறும். எங்க போய் நிக்கும்னா, 10 சதவீதம் எடுத்தா 5 பிபிஎம் போகணும், அதுக்கு டேங்க்ல 50 இருந்தாகணும். அதனால 50ல போய் நிக்கும். அதுவே வாரம் 20 சதவீதம் மாத்தினா 25ல நிக்கும். வாரத்துக்கு ஏறறத நீங்க மாத்தற பங்கால வகுத்துக்கோங்க, அவ்ளோதான்.

"நான் ஒழுங்கா மாத்திட்டுத்தான் இருக்கேன், நைட்ரேட் குறையவே மாட்டேங்குது"ன்னு புலம்பறவங்க பாதிப் பேருக்கு பதில் இங்கயே இருக்கு. ஒண்ணு, மாத்தற அளவு கம்மி. இல்ல, சாப்பாடு ஜாஸ்தி. இல்லன்னா புதுசா ஊத்தற தண்ணியிலயே நைட்ரேட் இருக்கு. மூணாவது ரொம்ப மோசம், ஏன்னா அந்தத் தண்ணியில 20 இருந்தா அது அப்படியே மேல வந்து உக்காந்துக்கும், மேல சொன்ன 50 டேங்க் 70 ஆயிடும், எவ்ளோ மாத்தினாலும் 20க்கு கீழ போகவே போகாது.

உங்க டேங்க்ல வாரத்துக்கு எவ்ளோ ஏறுதுன்னு தெரிஞ்சுக்க, மாத்தி முடிச்ச அன்னிக்கு ஒரு தடவ, அடுத்து மாத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவ டெஸ்ட் பண்ணுங்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்க நம்பர். மீன் மட்டும் இருக்கற டேங்க்னா 40க்கு கீழ வச்சிருந்தா போதும், பவளம் வகையறா இருந்தா 10க்கு கீழ. நைட்ரேட் சுத்தமா சைபர் ஆகணும்னு துடிக்காதீங்க, பவளத்துக்கும் கொஞ்சம் வேணும்.

இன்னொரு கேள்வி அடிக்கடி வரும், மாசம் ஒரு தடவ பாதித் தண்ணி மாத்தலாமா, இல்ல வாராவாரம் கொஞ்சமாவா. கழிவு போற கணக்குல பாத்தா பெருசா வித்தியாசம் இல்லீங்க. ஒரே தடவையில 30 சதவீதம் மாத்தினா 30 போகுது, அதையே தினம் 1 சதவீதமா 30 நாள் மாத்தினா 26 போகுது. ஆனா தப்பு நடந்தா தாங்கற விஷயத்துல நெறைய வித்தியாசம் இருக்கு. புதுத் தண்ணி உப்பு 35 பிபிடி (கிலோ தண்ணிக்கு 35 கிராம்) இருக்கணும், அளக்கறதுல சறுக்கி 30 ஆயிடுச்சுன்னு வைங்க. 10 சதவீதம் மாத்தினா டேங்க் 34.5க்கு வரும், மீனுக்கு ஒண்ணும் ஆகாது. பாதி மாத்தினா 32.5, இறால், ஸ்டார் ஃபிஷ் மாதிரி ஜீவனுங்களுக்கு அது அடி. சூடும் அப்படித்தான், பிஎச்சும் அப்படித்தான். புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு தப்பு வரத்தான் செய்யும், அதனால வாராவாரம் 10லேர்ந்து 15 சதவீதம்னு ஆரம்பிங்க, நம்பர் பாத்துட்டு ஏத்திக்கலாம்.

சதவீதம் எதுல போடறதுன்னும் பாத்துக்கோங்க. 3 அடிக்கு 1.5 அடிக்கு 1.5 அடி டேங்க்னா கணக்குப்படி 190 லிட்டர் சொச்சம். ஆனா மேல விளிம்பு வரைக்கும் நாம ஊத்தறதில்ல, பாறையும் மணலும் எடம் அடைக்கும், அதனால நிஜமா இருக்கறது 150, 160தான் இருக்கும். சம்ப் (டேங்குக்கு கீழ வைக்கற ஃபில்டர் தொட்டி) இருந்தா அதையும் சேத்துக்கோங்க. அப்போ 10 சதவீதம்னா கிட்டத்தட்ட 16 லிட்டர், ஒரு தண்ணி கேனுக்கும் கம்மி. இதுக்குப் போயா இவ்ளோ யோசிக்கறோம்னு இருக்கும்.

எந்தத் தண்ணி

நம்ம ஊர்ல பாதி டேங்க் கெட்டுப் போறது இங்கதான்.

போர் தண்ணி வேணவே வேணாம். கடினத்தன்மை ஒரு பக்கம், நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் என்னென்ன இருக்குன்னு தெரியாது, ஏரியாவுக்கு ஏரியா மாறும், கோடையில ஒரு மாதிரி மழைக்கு அப்புறம் ஒரு மாதிரி. மெட்ரோ வாட்டர்ல குளோரின் இருக்கும், அதுக்கு மருந்து ஊத்திடலாம், மத்தத என்ன பண்ணுவீங்க. அதனால ஆர்ஓ தண்ணிதான்.

ஆனா வீட்டு ஆர்ஓ மெஷின்ல ஒரு விஷயம் இருக்கு. குடிக்கறதுக்கு டேஸ்ட் வேணும்னு கடைசியில ஒரு மினரல் கார்ட்ரிட்ஜ் வச்சிருப்பான், இல்ல டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்கற உப்பு, தாதுவோட அளவு) கன்ட்ரோலர்னு ஒரு வால்வு வச்சு பச்சைத் தண்ணியையே கொஞ்சம் கலந்து விடுவான். குழாயில வர்ற தண்ணியில 80, 100 டிடிஎஸ் காட்டறது அதனாலதான். சர்வீஸ் பண்ண வர்றவர்கிட்ட சொல்லி மெம்பிரேன்லேர்ந்து நேரா ஒரு டியூப் தனியா எடுத்துக்கோங்க. முக்கியமா, உங்க மெஷின் காப்பர் சேக்கற மாடலான்னு பாருங்க. செம்புத் தண்ணி நல்லதுன்னு இப்போ நெறைய வீட்ல அதத்தான் வாங்கி வச்சிருக்காங்க, நமக்கு நல்லதா இருக்கலாம், இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் செம்பு விஷம். மீன் வியாதிக்கு மருந்தா காப்பர் போட்டாலும் தனி டேங்க்லதான் போடுவாங்க. அதே காரணத்துக்காக செம்புக் குடம், பித்தளை அண்டா எதுலயும் தண்ணி பிடிச்சு வைக்காதீங்க, பாட்டி காலத்து அண்டா சும்மாத்தானே இருக்குன்னு எடுத்துடப் போறீங்க.

டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு வாங்கிடுங்க, சின்ன பேனா மாதிரி இருக்கும், விலையும் கம்மிதான். நீங்க பிடிக்கற தண்ணி ஒத்த இலக்கத்துல காட்டினா சரி. பவளம் வைக்கற ஐடியா இருந்தா ஆர்ஓக்கு அப்புறம் டிஐ ரெசின் (மிச்சம் கரைஞ்சிருக்கறதையும் பிடிச்சுக்கற ஃபில்டர்) ஒண்ணு மாட்டி சைபருக்கு கொண்டு வரணும். கடையில வர்ற 20 லிட்டர் கேன் தண்ணி ஊத்தலாமான்னா, மீட்டர் வச்சுப் பாத்துட்டு ஊத்துங்க, கேனுக்கு கேன் மாறும்.

கடல் பக்கத்துலயே இருக்கே, கோவளத்துலேர்ந்து ரெண்டு கேன் பிடிச்சுட்டு வந்துடலாமே? இது எல்லாருக்கும் வர்ற யோசனை. தப்புன்னு சொல்ல மாட்டேன், இறால் குஞ்சு பொரிக்கற ஹாட்சரிங்க எல்லாம் கடல் தண்ணியிலதான் ஓடுது. ஆனா அவங்க மணல் ஃபில்டர்ல வடிகட்டி, குளோரின் போட்டு கிருமிய கொன்னு, திரும்ப அந்தக் குளோரின எடுத்துட்டு, அப்புறம்தான் பயன்படுத்தறாங்க. நாம கரையில முட்டி அளவு தண்ணியில நின்னு மொண்டுட்டு வர்றது அது இல்ல. கூவமோ அடையாறோ கடல்ல கலக்கற பக்கம் கிட்டயே போகாதீங்க. ஐப்பசி, கார்த்திகையில மழை பேஞ்சு ஆத்துத் தண்ணி உள்ள வந்தா கரையோரத்துல உப்பும் எறங்கிடும். அதுக்கு மேல உங்க இஷ்டம், நான் உப்பு வாங்கிக் கலக்கற கட்சி.

எந்த உப்பு

மரைன் சால்ட்னு பாக்கெட், பக்கெட்ல விக்கறதுதான். ரெட் ஸீ, இன்ஸ்டன்ட் ஓஷன், ட்ராபிக் மரின், எது சுலபமா தொடர்ந்து கிடைக்குதோ அத எடுங்க, மாசத்துக்கு ஒரு பிராண்ட் மாத்தாதீங்க. மீன் மட்டும்னா சாதா வகை போதும், பவளத்துக்குன்னு கால்சியம் கூட்டி விக்கறதுக்கு காசு குடுக்க வேணாம்.

கல் உப்பு போடலாமா, தூத்துக்குடி உப்பும் கடல்லேர்ந்துதானே வருதுன்னு கேப்பீங்க. வருது, ஆனா உப்பளத்துல கடல் தண்ணி வத்தும்போது எல்லாம் ஒண்ணா படியறதில்ல. முதல்ல கால்சியம் சேந்த ஜிப்சம் படிஞ்சுடும், அடுத்து சோடியம் குளோரைடு படியும், மெக்னீசியம் எல்லாம் கடைசி வரைக்கும் தண்ணியிலயே இருக்கும், அந்தக் கசப்புத் தண்ணிய வடிச்சு வெளிய விட்டுட்டுத்தான் உப்ப வார்றாங்க. சாப்பிடற உப்பு கசக்கக் கூடாதுங்கறதுக்காக அப்படி. அதனால கல் உப்பக் கரைச்சா கிடைக்கறது உப்புத் தண்ணி, கடல் தண்ணி கிடையாது. கடல்ல ஒரு லிட்டருக்கு மெக்னீசியம் 1300 மில்லிகிராம் கிட்ட, கால்சியம் 400 சொச்சம் இருக்கும், பிஎச்ச நிலையா புடிச்சு வைக்கற கார்பனேட் சமாச்சாரம் தனி. வாட்டர் சேஞ்ச்ல கழிவு போறது பாதி வேலை, இதெல்லாம் திரும்ப உள்ள வர்றது மீதி வேலை.

முதல் நாள்

வேலையில முக்கால்வாசி முதல் நாளே முடிஞ்சிடணும். உணவு வைக்கற தரத்துல ஒரு பிளாஸ்டிக் டிரம் இல்ல பெரிய பக்கெட், மீனுக்குன்னு தனியா, வீட்ல யாரும் துணி ஊற வைக்காத மாதிரி மேல பெருசா எழுதி வச்சுடுங்க. சோப்பு பட்ட பக்கெட் திரும்ப சரியே ஆகாது. அதுல ஆர்ஓ தண்ணிய பிடிச்சு, ஒரு சின்ன பவர்ஹெட் (தண்ணிக்குள்ள வச்சு சுத்த விடற மோட்டார்) போட்டு சுத்த விட்டுட்டு, உப்ப கொஞ்சம் கொஞ்சமா தூவுங்க. தண்ணியிலதான் உப்பு போடணும், உப்ப முதல்ல கொட்டிட்டு அது மேல தண்ணி ஊத்தினா அடியில உப்பு செறிவு எக்கச்சக்கமாகி கால்சியமும் கார்பனேட்டும் சேந்து வெள்ளையா படிஞ்சுடும், படிஞ்சது கரையாது. வெந்நீர் ஊத்தி சீக்கிரம் கரைக்கற ஐடியாவும் வேணாம், அதே கதைதான்.

அளவு லிட்டருக்கு 35லேர்ந்து 40 கிராம், பாக்கெட்ல போட்டிருக்கறத பாருங்க. ஒரு 20 லிட்டர் கேனுக்கு முக்கால் கிலோ போட்டுட்டு, கரைஞ்சதும் அளந்து பாத்து மிச்சத்த சேத்துக்கலாம். மரைன் சால்ட் காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும், சென்னை வெக்கையில பாக்கெட்ட தொறந்து போட்டா கட்டி கட்டியா ஆயிடும், அப்போ எடை கணக்கும் தப்பாயிடும், இறுக்க மூடி வைங்க.

உப்பு அளக்கறதுக்கு ரிஃப்ராக்டோமீட்டர் (ஒரு சொட்டு தண்ணி விட்டு கண்ணு வச்சுப் பாக்கற கருவி). முள்ளு ஆடற பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் விலை கம்மிதான், ஆனா முள்ளுல ஒரு காத்துக் குமிழ் ஒட்டினாலே தப்பு காட்டும். ரிஃப்ராக்டோமீட்டரயும் 35 பிபிடி ஸ்டாண்டர்ட் திரவம் விட்டு அப்பப்போ சரி பாக்கணும், ஆர்ஓ தண்ணி விட்டு சைபர் வருதான்னு பாக்கறது மட்டும் பத்தாது. இலக்கு 35 பிபிடி, அதாவது அடர்த்தி 1.026 பக்கம். நெறைய கடைங்கள்ல உப்பு கம்மியா வச்சிருப்பாங்க, மீன் மட்டும் வச்சிருந்தா நீங்களும் 1.022, 1.023ல வச்சுக்கலாம், ஒண்ணும் குத்தமில்ல. உங்க டேங்க் எவ்ளோ இருக்கோ புதுத் தண்ணியும் அவ்ளோ இருக்கணும், அதுதான் விஷயம்.

ராத்திரி முழுக்க சுத்த விடுங்க. சில பிராண்ட் சீக்கிரமே பயன்படுத்தச் சொல்லும், பாக்கெட்ல படிச்சுக்கோங்க. காலையில தண்ணி தெளிவா, டேங்க் சூட்டுக்கு ஒண்ணு ரெண்டு டிகிரி கிட்ட இருக்கணும். டிரம்ம மொட்டை மாடியில வைக்காதீங்க, மே மாசத்துல அது குளிக்கற தண்ணி சூட்டுக்கு வந்துடும்.

மாத்தற அன்னிக்கு

முதல்ல ஸ்விட்ச். ஹீட்டர், ரிட்டர்ன் மோட்டார் (சம்ப்லேர்ந்து தண்ணிய மேல ஏத்தறது), ஸ்கிம்மர் எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. தண்ணி எறங்கி, ஓடிக்கிட்டு இருக்கற ஹீட்டர் வெளிய தெரிஞ்சா அதோட கண்ணாடி வெடிச்சுடும். ஆட்டோ டாப் அப் (ஆவியான தண்ணிக்கு ஈடா தானா தண்ணி விடற கருவி) வச்சிருந்தா அத மறக்கவே மறக்காதீங்க, நீங்க தண்ணி எடுக்க எடுக்க அது ஆவியாயிடுச்சு போலன்னு நினைச்சு நல்ல தண்ணிய உள்ள தள்ளிக்கிட்டே இருக்கும், கடைசியில புதுத் தண்ணி ஊத்த எடமே இருக்காது, உப்பும் எறங்கியிருக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் டேங்குக்கு கீழ தரையில இருந்தா இன்னிக்கே மேல மாட்டுங்க, உப்புத் தண்ணி கரன்ட்ட நல்லா கடத்தும். ஒயர் ப்ளக்குக்கு கீழ ஒரு தடவ தொங்கி வளைஞ்சு மேல போற மாதிரி விட்டா, வழியற தண்ணி ப்ளக்குக்குள்ள போகாம கீழ சொட்டிடும்.

கண்ணாடியில இருக்கற பாசிய முதல்ல சுரண்டுங்க, பாறை இடுக்குல பவர்ஹெட்ட காட்டி அழுக்க கெளப்பி விடுங்க, அப்புறம் டியூப் போட்டு உறிஞ்சுங்க. வாயால உறிஞ்சற பழக்கத்த விட்டுடுங்க. ஜோவாந்திட் வகை பவளம் சிலதுல பேலிடாக்சின்னு ரொம்ப மோசமான விஷம் இருக்கு. டியூப்ப முழுசா டேங்க்ல முக்கி காத்த வெளிய விட்டு, ஒரு முனைய விரலால மூடி பக்கெட்டுக்கு எறக்கினா தானா ஓடும். இல்ல கையால அமுக்கற பல்பு வச்ச சைஃபன் வாங்கிக்கோங்க.

மணல ஒரே நாள்ல மொத்தமா கிளறாதீங்க, இந்த வாரம் இடது பக்கம் கால்வாசி, அடுத்த வாரம் அடுத்த கால்வாசி. ஸ்பாஞ்ச், ஃபில்டர் துணி எல்லாத்தையும் எடுத்த பழைய தண்ணியிலயே அலசுங்க, குழாய்த் தண்ணியில அலசினா பாக்டீரியா போயிடும்.

புதுத் தண்ணிய டம்முன்னு கொட்டாம சின்ன மோட்டார் வச்சோ மக்கால மொண்டோ, சம்ப் இருந்தா அதுலயோ மெதுவா ஊத்துங்க, அப்புறம் ஒண்ணொண்ணா ஸ்விட்ச் போடுங்க. ஸ்கிம்மர் கொஞ்ச நேரம் பைத்தியம் பிடிச்ச மாதிரி நுரை தள்ளும், கப்ப காலி பண்ணிட்டு விடுங்க, அடங்கிடும்.

எடுத்த தண்ணிய செடிக்கு ஊத்தாதீங்க. நல்ல தண்ணி டேங்க் தண்ணி ரோஜாவுக்கு உரம்னு பழகினவங்க இதையும் ஊத்திடறாங்க, செடி போயிடும், மண்ணும் போயிடும். நேரா சாக்கடைக்கு.

டாப் அப் வேற, வாட்டர் சேஞ்ச் வேற

இது ரெண்டையும் குழப்பிக்கறவங்க ரொம்பப் பேர். ஆவியாகி போறது வெறும் தண்ணி, உப்பு டேங்க்லயே இருக்கும், அதனால குறைஞ்சதுக்கு ஈடா ஆர்ஓ தண்ணி மட்டும்தான் ஊத்தணும், அதுவும் தினமும். வெயில் காலத்துல ஃபேன் போட்டு டேங்க்க குளிர வைக்கறீங்கன்னா இன்னும் ஜாஸ்தியா எறங்கும். 160 லிட்டர்ல தினம் 3 லிட்டர்னு நாலு நாள் ஊர்ல இல்லாம போயிட்டீங்கன்னா 35 பிபிடி கிட்டத்தட்ட 38 ஆகிடும். இதுக்குப் போய் உப்புத் தண்ணிய ஊத்தினா மாசா மாசம் உப்பு ஏறிக்கிட்டே போகும். "நான்தான் அடிக்கடி தண்ணி ஊத்தறேனே, தனியா எதுக்கு மாத்தணும்"னும் சிலர் சொல்வாங்க, ஊத்தறீங்க சரி, எதையும் வெளிய எடுக்கலையே.

டேங்க்ல ஒரு கோடு போட்டு வச்சுக்கோங்க, தண்ணி எப்பவும் அந்தக் கோட்டுல இருக்கணும், வாட்டர் சேஞ்சுக்கு முன்னாடியும் கோடு வரைக்கும் டாப் அப் பண்ணிட்டுத்தான் உப்பு அளந்து பாக்கணும்.

தண்ணியே மாத்தாம வச்சிருக்கோம்னு சொல்றவங்க

இருக்காங்க, பொய் கிடையாது. ஜெர்மனிலேர்ந்து வந்த ட்ரைட்டான் முறை மாதிரி, பாசி வளக்கற தொட்டி ஒண்ண வச்சு நைட்ரேட்ட கழிச்சு, தண்ணி சாம்பிள லேபுக்கு அனுப்பி எந்த தாது குறையுதோ அத மட்டும் சொட்டு சொட்டா சேத்து ஓட்டறாங்க. ஆனா அது அனுபவமும் காசும் இருக்கறவங்க ஆட்டம், முதல் வருஷத்துல வேணாம். கடினப் பவளம் நெறைய இருந்தா வெறும் வாட்டர் சேஞ்சும் பத்தாது, கால்சியமும் கார்பனேட்டும் தினம் தனியா குடுக்க வேண்டியிருக்கும், அது வேற பாடம். பவளம், பாறை வாங்கறப்போ எங்கேர்ந்து வருதுன்னு கேளுங்க, நம்ம கடல்லேர்ந்து பவளம் எடுக்கறது வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். செயற்கைப் பாறையே போதும், பாக்டீரியாவுக்கு அது எதுன்னு தெரியப் போறதில்ல.

ரொம்ப மாசமா மாத்தாம விட்ட டேங்க்கா? நைட்ரேட் நூறத் தாண்டியிருக்கா? ஒரே நாள்ல பாதி மாத்தி சரி பண்ணிடலாம்னு எறங்காதீங்க, மீன் அந்தத் தண்ணிக்குப் பழகிப் போயிருக்கும், 10 சதவீதமா ரெண்டு நாளைக்கு ஒரு தடவ மாத்தி எறக்குங்க. அம்மோனியா காட்டினா மட்டும் இந்தப் பொறுமை வேணாம். மரைன் தண்ணி பிஎச் 8.1, 8.3ன்னு இருக்கறதால நல்ல தண்ணிய விட இங்க அம்மோனியாவோட விஷம் ஜாஸ்தி. பாறைக்குப் பின்னாடி மீன் ஏதாவது செத்துக் கெடக்கான்னு தேடி எடுத்துட்டு, உப்பும் சூடும் சரியா பொருந்தற தண்ணி இருந்தா 30, 40 சதவீதம் கூட உடனே மாத்துங்க. அதுக்குத் தண்ணி ரெடியா இருக்கணும், ராத்திரி பதினோரு மணிக்கு ஆர்ஓ பிடிச்சு உப்பு கலக்க முடியாது, அதனால ரெண்டு மூணு கேன் ஆர்ஓ தண்ணி எப்பவும் மூடி வச்சிருங்க, அதுல ஒண்ணு உப்பு கலந்ததா இருக்கட்டும், அவசரத்துக்கு முதல்ல அத ஊத்திட்டு மிச்சத்த கலக்கலாம், வாராவாரம் அத ஊத்திட்டு அன்னிக்கே புதுசு கலந்து வச்சா அதுவும் பழசாகாது.